மடங்கும் திரை: எல்லாம் தடிமன் கணக்கு

கண்ணாடி வளையாது, பிளாஸ்டிக் வளையும் என்ற நினைப்போடு மடிப்புத் திரையைப் பார்க்கத் தொடங்கினால் முதல் அடியிலேயே வழி தவறிவிடும். இணையத்தைச் சுமந்து வரும் ஒளியிழை கண்ணாடிதான். 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டத்தில் இழுத்திருப்பதால் அதை நூல்போல உருளையில் சுற்றி வைக்க முடிகிறது. ஒரு செங்கல் தடிமனுக்குப் பிளாஸ்டிக் கட்டையைக் கொடுத்து மடக்கச் சொன்னால் யாராலும் ஆகாது. முதலில் கணக்கில் வருவது தடிமன். என்ன பொருள் என்பது அதற்கப்புறம்தான்.

ஒரு தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நெரிபடும். வெளிப்பரப்பு எத்தனை சதவீதம் நீள்கிறதோ அதுதான் திரிபு. இதற்குப் பெரிய சூத்திரம் வேண்டாம்: தடிமனை, வளைவு ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். அரை மி.மீ. கண்ணாடியை 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் 5 சதவீதத் திரிபு வருகிறது. அதற்கு வெகு முன்பே அது நொறுங்கியிருக்கும். அதே கண்ணாடியை 30 மைக்ரானுக்கு மெலியவைத்து 1.5 மி.மீ. ஆரத்துக்கு மடித்தால் 1 சதவீதம். இதுவும் கண்ணாடிக்குச் சுகமான இடமில்லை. மேற்பரப்பில் ஏறக்குறைய 700 மெகாபாஸ்கல் இழுவிசை விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் பத்தில் ஒரு பங்குக்கே உடைந்துவிடும். உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்கி, மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகளை எடுத்துவிட்டு அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகளை நுழைத்தால், மேற்பரப்பு எப்போதும் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். வளைக்கும்போது வரும் இழுவிசை முதலில் இந்த நெருக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் கண்ணாடியைத் தொட முடியும். அப்படியும் உடைந்தால் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் உடையும். வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலே போதும். அதனால்தான் வெட்டிய பிறகு ஓரங்களை அமிலத்தில் அரித்து வழவழப்பாக்குகிறார்கள்.

தடிமனுக்கு அடுத்தது இடம். ஓர் அழிப்பானின் பக்கவாட்டில் பேனாவால் செங்குத்தாக ஏழெட்டுக் கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். மேலே கோடுகள் விலகும், கீழே நெருங்கும். நடுவில் ஓர் இடத்தில் இடைவெளி அப்படியே இருக்கும். அதுதான் நடுநிலைத் தளம்: அங்கே இழுவையும் இல்லை, நெரிசலும் இல்லை. எளிதில் விரிசல் விடும் அடுக்கை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால், தகடு எவ்வளவு வளைந்தாலும் அந்த அடுக்குக்குத் தெரியவே தெரியாது. திரையில் அப்படிப்பட்ட அடுக்குகள் நிறையவே உண்டு. தொடு உணரியிலும் மின்முனைகளிலும் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடும், ஈரத்தைத் தடுக்கும் சிலிக்கன் நைட்ரைடும் ஒன்றிரண்டு சதவீதத் திரிபிலேயே விரிசல் விடுகின்றன. மடிப்புத் திரையை வடிவமைப்பது என்றால், எந்த அடுக்கின் மேலும் கீழும் எத்தனை மைக்ரான் சேர்த்தால் நடுநிலைத் தளம் எங்கே போய் உட்காரும் என்று கணக்குப் போடும் வேலை என்றே சொல்லலாம்.

முதலில் கண்ணாடிமேல்தான் பிறக்கிறது

வளையும் திரை வளையாத கண்ணாடியின் மேல்தான் தயாராகிறது. காரணம் எளிது. தொளதொளக்கும் தாளின் மேல் மைக்ரான் துல்லியத்தில் டிரான்சிஸ்டர்களை வரிசையாக அச்சிட முடியாது. ஆகவே தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் பாலிஇமைடு என்ற, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கின் திரவ நிலையிலுள்ள முன்பொருளைப் பூசி, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, பத்து இருபது மைக்ரான் ஏடாக்குகிறார்கள். ஏன் பாலிஇமைடு? அதன்மேல் ஏற்றப்போகும் டிரான்சிஸ்டர் அடுக்கு 400 டிகிரிக்கும் மேலே சூடு கேட்கிறது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். பாலிஇமைடு மஞ்சளாக இருக்குமே என்றால், ஒளி மேல்புறமாக வெளியேறுவதால் அடித்தளத்தின் நிறத்தைப் பற்றிக் கவலையில்லை.

எல்லா அடுக்குகளும் ஏறிய பின், கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து 308 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் என்ற புறஊதா லேசரைப் பாய்ச்சுகிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஇமைடின் மிக மெல்லிய பகுதி மட்டும் சிதைந்து, ஏடு கண்ணாடியிலிருந்து விடுபடும். இந்த இடத்தில் கை தவறினால் நட்டம் பெரிது. லேசரின் ஆற்றல் குறைந்தால் ஏடு அங்கங்கே ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது கிழியும். கூடினால் பாலிஇமைடு கரிந்து சுருங்கும். கண்ணாடியின் அடியில் ஒரு தூசி இருந்தால் அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் விடுபடாமல் நிற்கும். முழுதாக வேலை முடிந்த திரை அந்த ஒரு புள்ளியால் வீணாகும். தூசி புகாத தயாரிப்பு அறையில் அடிப்பக்கத்தை எதற்காக அவ்வளவு துடைக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. இதற்காகத்தான்.

அடுத்த எதிரி ஈரம். இந்தத் திரைகளில் தானே ஒளிரும் கரிம விளக்கான ஓஎல்இடியின் எதிர்மின்முனை உலோகமும் ஒளிரும் கரிமப் பொருளும் ஈரம் பட்டால் செத்துவிடும். திரையில் கரும்புள்ளியாகத் தோன்றி, நாளாக ஆகப் பரவும். வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு, ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிதான் ஊடுருவலாம் என்பது. அந்த வேகத்தில் ஒரு கிராம் தண்ணீர் நுழைய 2,700 ஆண்டுக்கு மேல் ஆகும். சாதாரணப் பிளாஸ்டிக் தாள் வழியே ஒரே நாளில் சில கிராம் போய்விடும். விறைப்பான திரையில் மேலே ஒரு கண்ணாடி மூடி போட்டுப் பிரச்சினையை முடித்துவிடலாம். வளையும் திரையில் அது நடக்காது. ஆகவே சிலிக்கன் நைட்ரைடு ஓர் அடுக்கு, அதன்மேல் சில மைக்ரான் தடிமனுக்கு இங்க்ஜெட்டில் அச்சிட்ட கரிமப் பசை, மறுபடி சிலிக்கன் நைட்ரைடு என்று சாண்ட்விச்சாக அடுக்குகிறார்கள். நைட்ரைடு அடுக்கில் ஊசித்துளைகள் இருந்தே தீரும். நடுவிலுள்ள கரிம அடுக்கு தூசிகளை மூழ்கடித்து, மேல்துளையும் கீழ்த்துளையும் நேருக்கு நேர் அமையாமல் பார்த்துக்கொள்கிறது. நீராவி ஒரு துளையில் நுழைந்து, பக்கவாட்டில் நெடுந்தூரம் அலைந்துதான் இன்னொரு துளையைக் கண்டுபிடிக்க வேண்டும். மடிப்பில் இந்த நைட்ரைடு விரிசல் விட்டால் புள்ளிக்குப் பதிலாக மடிப்புக் கோட்டை ஒட்டியே ஒரு கரும்பட்டை வரும். மடிப்பை ஒட்டிக் கறுப்பு வந்த திரைகளில் ஒரு பகுதிக்கு நோய் இதுதான். மற்றவற்றில் உலோகத் தடம் அறுந்திருக்கும். கறுப்பு மெதுவாகப் பரவினால் ஈரம், ஒரே நாளில் கோடு கோடாக வந்தால் தடம் என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

பசைதான் உண்மையான கீல்

கடைக்கு வரும் மடிப்புத் திரையில் மேலிருந்து கீழே: கீறலைத் தாங்கும் பிளாஸ்டிக் படலம், ஒளி ஊடுருவும் பசை, மெல்லிய கண்ணாடி, மறுபடி பசை, வெளி ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் தளவாக்கி, தொடு உணரியோடு ஓஎல்இடி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக், இன்னும் பசை, கடைசியில் மடிப்புப் பகுதியில் மட்டும் நுண்ணிய சல்லடைபோல அரிக்கப்பட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகடு. மொத்தம் 400 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரே கட்டையாக எண்ணி 1.5 மி.மீ. ஆரத்தில் மடித்தால் திரிபு 13 சதவீதத்தைத் தாண்டும். ஓர் அடுக்குகூட மிஞ்சாது. ஆனால் ஒவ்வோர் அடுக்கும் பக்கத்து அடுக்கின்மேல் நழுவ முடிந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடுநிலைத் தளம் கிடைக்கும். 50 மைக்ரான் படலத்துக்கு 1.7 சதவீதம், 30 மைக்ரான் கண்ணாடிக்கு 1 சதவீதம். பிழைத்துக்கொள்ளலாம்.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்களின் ஓரம் படிக்கட்டுபோலச் சாய்வது இந்த நழுவல்தான். அதே புத்தகத்தின் எல்லாத் தாள்களையும் கோந்து போட்டு ஒட்டிவிட்டால் அது பலகை. திரைக்கு இரண்டும் வேண்டும்: ஒட்டவும் வேண்டும், நழுவவும் வேண்டும். அந்த முரண்பாட்டை முழுக்கச் சுமப்பது பசை. 180 டிகிரி மடிப்பில் இரண்டு அடுக்குகளின் நீள வேறுபாடு, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைப் பை மதிப்பால் பெருக்கினால் வருவது. 50 மைக்ரான் படலத்துக்கும் 30 மைக்ரான் கண்ணாடிக்கும் நடுவே 25 மைக்ரான் பசை இருந்தால், நடுப்பகுதிகளின் தூரம் 65 மைக்ரான், நீள வேறுபாடு ஏறத்தாழ 200 மைக்ரான். மடிப்பின் இரு பக்கமும் பகிர்ந்துகொண்டாலும் ஒரு பக்கத்துக்கு 100 மைக்ரான். 25 மைக்ரான் பசை தன் தடிமனைப் போல நான்கு மடங்கு பக்கவாட்டில் சரிய வேண்டும். ஒவ்வொரு முறை மூடும்போதும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும்.

இதிலிருந்துதான் பயனர்கள் காணும் கோளாறுகளில் பாதி முளைக்கிறது. குளிரில் பசை இறுகிவிடும். நழுவ மறுத்தால் அடுக்குகள் ஒட்டிய பலகையாகி, இழுவை முழுவதும் மெல்லிய அடுக்குகளின் தலையில் விழும். கடுங்குளிரில் நெடுநேரம் கிடந்த கருவியை உடனே திறக்கக் கூடாது என்பது இதனால்தான். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் நேர் எதிர்: பசை இளகி, உட்பக்கம் நெரிபடும் படலம் மேலே எழும்பிக் குமிழியாக நிற்கும். மடித்தே வைத்திருந்தால் சரிந்த பசை அந்த நிலைக்கே மெல்ல மெல்லப் பழகி, திறந்த பிறகும் முழுதாகத் திரும்பாது. அதுதான் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் அந்தப் பள்ளம். பிளாஸ்டிக் படலமும் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டிருக்கும், அதுவும் பள்ளத்துக்குத் துணை. பள்ளமே இல்லாத திரை என்று விளம்பரம் வந்தால், பசை எத்தனை மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

பள்ளத்தைக் குறைக்க இயந்திரவியல் வழி ஒன்று உண்டு. திரையை இறுக்கமான ஊசி வளைவாக மடிக்காமல், கீலுக்குள் தண்ணீர்த் துளி வடிவில் விரிந்து உட்கார இடம் விடுவது. ஆரம் இரட்டித்தால் திரிபு பாதியாகும். இரு பாதிகளும் இடைவெளியின்றி மூடவும் முடியும். விலை, கீலுக்குள் கூடுதல் பாகங்கள். வெளிப்பக்கமாக மடிப்பது இன்னொரு வழி. 2019-இல் வந்த ஹுவாவே மேட் எக்ஸ் அப்படித்தான். ஆரம் பெரிதாகிறது, பள்ளம் குறைகிறது. ஆனால் கீறல்படும் மேற்பரப்பு இழுவையிலேயே இருக்கிறது, சட்டைப்பையிலிருக்கும் சாவிக்கும் நேராக அகப்படுகிறது.

கீலைப் பற்றிப் பேசினால் 2019 ஏப்ரலைத் தாண்டிப் போக முடியாது. சாம்சங் தன் முதல் கேலக்ஸி ஃபோல்டை மதிப்புரையாளர்களுக்குக் கொடுத்த சில நாட்களிலேயே சில திரைகள் செயலிழந்தன. சிலர் மேலிருந்த படலத்தைப் புதுக் கைப்பேசியில் வரும் வெறும் பாதுகாப்புத் தாள் என்று எண்ணி உரித்துவிட்டார்கள். அது அடுக்கில் ஓர் உறுப்பு. உரித்தால் நடுநிலைத் தளமே இடம் மாறும், உரிக்கும் விசையும் கீழே உள்ள அடுக்குகளைப் பிடித்து இழுக்கும். வேறு சிலவற்றில் கீலின் முனையிலிருந்த சிறு இடைவெளி வழியே துகள் நுழைந்து, திரையைப் பின்னாலிருந்து குத்தியது. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. படலத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள், கீல் முனைகளுக்கு மூடி போட்டார்கள். 2020 பிப்ரவரியில் வந்த ஸட் ஃபிளிப்பில் நிறமற்ற பாலிஇமைடுக்குப் பதில் மெல்லிய கண்ணாடி வந்தது. அதன்மேலும் ஒரு பிளாஸ்டிக் படலம் உண்டு. நகம் பட்டுக் கீறுவது அந்தப் படலம்தான், கண்ணாடி இல்லை.

இரண்டு லட்சம் மடிப்பு என்று பெட்டியில் போடுவார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை என்றால் ஐந்தரை ஆண்டு. எண் பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் அறை வெப்பநிலையில், தூசியில்லாத இடத்தில், ஒரே வேகத்தில் இயந்திரம் மடிப்பது. பசைக்குச் சோதனை மடிப்பின் எண்ணிக்கையைவிட மடித்துக் கிடக்கும் மணிகளில்தான்.

சொல்லப்போனால், மடிப்புக் கருவி வாங்காதவர்களின் கையிலும் இதைவிட இறுக்கமான வளைவு இருக்கிறது. 2017-இல் வந்த ஐஃபோன் எக்ஸில் திரையின் கீழ் ஓரம் பின்பக்கமாக மடிந்து, திரையை இயக்கும் சிப்பைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோகிறது. திரையின் கீழ்ச் சட்டம் மெலிந்தது அதனால்தான். அந்த மடிப்பில் டிரான்சிஸ்டரோ நைட்ரைடோ விடுவதில்லை. அரித்து எடுத்துவிட்டு, டைட்டானியத்துக்கு நடுவே அலுமினியம் வைத்த தடங்கள் மட்டும் போகும். மேலே ஒரு பிசினை ஊற்றிப் புறஊதா ஒளியில் இறுக்கினால் நடுநிலைத் தளம் தடங்களுக்கு ஏறிவந்துவிடும். ஒரே ஒருமுறை, தொழிற்சாலையில் மடித்தால் போதும். அதனால் இவ்வளவு இறுக்கம் தாங்குகிறது.

சிப்பும் வளையுமா?

சிலிக்கனும் கண்ணாடியின் கதைதான். 300 மி.மீ. வட்டத் தகடு 775 மைக்ரான் தடிமனில் வருகிறது. அதைப் பின்பக்கமாகச் சாணை பிடித்து 50 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவந்தால் வளையத் தொடங்கும். சாணை விட்டுச்செல்லும் நுண்விரிசல்களை மெருகேற்றியோ அரித்தோ நீக்காவிட்டால் அங்கிருந்தே உடையும். இன்னொரு தொல்லை மின்சாரப் பக்கம் இருக்கிறது. வளைத்தால் சிலிக்கனில் மின்துகள்கள் நகரும் வேகம் மாறும். எலெக்ட்ரான்கள் மின்சாரத்தைக் கடத்தும் ‘என்’ (n) வகை டிரான்சிஸ்டரிலும் நேர்மின் துளைகள் கடத்தும் ‘பி’ (p) வகையிலும் மாற்றம் ஒரே மாதிரி இருப்பதில்லை, திசைக்குத் திசையும் வேறுபடும். எண்முறைச் சுற்று இதைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே அளவு மின்னோட்டம் தரவேண்டிய இரட்டை டிரான்சிஸ்டர்களை நம்பியிருக்கும் அளவீட்டுச் சுற்றோ வளைவையே ஒரு அளவீடாகக் காட்டத் தொடங்கிவிடும்.

சிலிக்கனே வேண்டாம் என்று போகும் பாதையில் நடுநாயகம் இண்டியம் காலியம் துத்தநாக ஆக்சைடு. 2004-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹோசோனோ குழு இதை அறை வெப்பநிலையில் பெட் படலத்தின் மேலேயே டிரான்சிஸ்டராக்கிக் காட்டியது. அதில் மின்துகள்கள் நகர்வது படிகமற்ற சிலிக்கனைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகம். படிகச் சிலிக்கனோடு ஒப்பிட்டால் வெகு பின்தங்கல். 2021-இல் செயலிகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனமும் வளையும் சிப் செய்யும் பிராக்மாட்டிக்கும் சேர்ந்து இதே பொருளில், பாலிஇமைடு மேல் 32 பிட் நுண்செயலி ஒன்றைச் செய்தன. 39,157 டிரான்சிஸ்டர்கள், 59.2 சதுர மி.மீ., வேகம் 29 கிலோஹெர்ட்ஸ். 1971-இல் வந்த இன்டெல் 4004 நுண்செயலியில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான், ஆனால் 740 கிலோஹெர்ட்ஸில் ஓடியது. ஐம்பதாண்டு கழித்து வந்த பிளாஸ்டிக் சிப் 17 மடங்கு டிரான்சிஸ்டர்களோடு 25 மடங்கு மெதுவாக ஓடுகிறது.

வேகத்தைவிட மின்செலவுதான் கவனிக்க வேண்டியது. அந்தப் பிளாஸ்டிக் சிப் இழுக்கும் 21 மில்லிவாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் சும்மா நிற்கும்போதே கசிவது. இந்த ஆக்சைடில் ‘என்’ வகை மட்டுமே நன்றாக வேலை செய்கிறது. பி வகை ஜோடி இல்லாததால் ஒவ்வொரு தர்க்க வாயிலிலும் ஒரு மின்தடையை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. வெளியீடு பூஜ்யமாக இருக்கும் நேரமெல்லாம் அந்தத் தடை வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2024-இல் இதே வழியில் வந்த, ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் இயங்கும் செயலி 60 கிலோஹெர்ட்ஸில் 6 மில்லிவாட்டுக்கும் குறைவாக இயங்கியது. முன்னேற்றம்தான், ஆனால் நல்ல பி வகை ஆக்சைடு கிடைக்கும்வரை இந்த ஓட்டை அடைபடாது. இப்போதைக்கு இவற்றின் இடம் பொட்டலத்தின் மேல் ஒட்டும் அடையாளச் சில்லுகளும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் உணரிகளும்தான். கணக்குப் போடும் வேலை இருந்தால், மெலியவைத்த சிலிக்கன் சிப்பைப் பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்ட தடங்களோடு இணைக்கும் கலப்பு முறையே கைகொடுக்கிறது.

அதே விதி, வேலை மேசையில் தினம் கையாளும் நெகிழ் சுற்றுப்பலகைக்கும் பொருந்தும். ஒருமுறை மடித்துப் பொருத்துவதானால் ஒற்றை அடுக்குக்கு மொத்தத் தடிமனின் 6 மடங்கு ஆரம், இரட்டை அடுக்குக்கு 12, பல அடுக்குக்கு 24. ஓயாமல் அசைவதானால் 100 மடங்கு. மின்முலாம் பூசி வளர்த்த செம்பில் படிகங்கள் தூண்கள்போல நிற்கும், விரிசல் நேராக ஊடுருவிவிடும். அசையும் இடத்துக்கு உருட்டிப் பதமாக்கிய செம்பு வேண்டும், தடத்தின் நீளம் உருட்டிய திசையிலேயே ஓட வேண்டும். தடங்கள் மடிப்புக் கோட்டைச் செங்குத்தாகக் கடக்கட்டும். மேல்தடமும் கீழ்த்தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் உத்திரம்போல விறைத்து வெளித்தடம் அறும். சற்றே தள்ளி வையுங்கள். மடிப்பில் அடுக்கிணைப்புத் துளை வேண்டாம், தங்க முலாமும் வேண்டாம், அதன் அடியிலுள்ள நிக்கல் உடையும். பாலிஇமைடு ஈரத்தை நன்றாகக் குடிக்கும். பற்றவைப்பதற்கு முன் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, ஆறி ஈரம் ஏறுமுன் வேலையை முடிக்காவிட்டால் உலையில் நீராவி வெடித்து அடுக்குகள் பிரிந்து கொப்புளிக்கும்.

இவ்வளவும் ஒரே திசையில் வளைவதற்கு. முழங்கைமேல் ஒட்டும் திரைக்கு வந்தால் நடுநிலைத் தள வித்தை பலிக்காது. பந்தைத் தாளால் சுருக்கமின்றி மூட முடியாததுபோல, இரு திசையிலும் வளையும் பரப்பு நீண்டே ஆக வேண்டும், எவ்வளவு மெல்லியதானாலும். அங்கே சிப்புகளையும் விளக்குகளையும் விறைப்பான குட்டித் தீவுகளாக ரப்பர்மேல் நிறுத்தி, நடுவே வளைந்து நெளிந்த கம்பிகளை விடுகிறார்கள். நீள்வது ரப்பரும் கம்பியின் நெளிவும்தான், தீவு நீள்வதில்லை. எல்ஜி டிஸ்ப்ளே 2022-இல் காட்டிய 12 அங்குலத் திரை 20 சதவீதம் நீண்டது, 2024-இல் காட்டியது 50 சதவீதம் நீண்டு 18 அங்குலமானது. அறும் இடம் கம்பியின் நெளிவில் இல்லை. தொளதொளக்கும் ரப்பரிலிருந்து கம்பி விறைப்பான தீவின் ஓரத்தில் ஏறும் அந்தச் சில மைக்ரானில்தான் இழுவை முழுவதும் வந்து குவிகிறது. ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்கி, இடையே நடுத்தர விறைப்புள்ள பசையை வைப்பதுதான் இப்போது அதற்கான மருந்து.